அடியிருப்பு

கேஸ் தீர்ந்து வழியில் நின்றுவிட்டதாக அழைப்பு வந்தால் ஜெனோவா முதலில் வண்டி எண்ணைக் கேட்பாள். பிறகு, "எஞ்சின அணைச்சிட்டுக் கொஞ்சம் பொறுங்கண்ணே, மறுபடி போட்டுப் பாருங்க" என்பாள். அந்த இடைவெளியில் அவள் தன் திரையில் ஒரு கட்டளையைத் தட்டுவாள். அந்தப் பக்கம் பஸ்ஸோ லாரியோ உயிர் பெறும். "மீட்டர்தாம் கோளாறு போல" என்று ஓட்டுநர் சலித்துக்கொள்வார். பக்கத்து பங்க் வரை போய்ச் சேர அந்தக் கேஸ் போதும். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை என்பது கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

டீசல் நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. தென் மாவட்டங்களின் பஸ், லாரி, மீன்பிடி வள்ளம், உரத் தொழிற்சாலை, இரும்பு உலை எல்லாமே ஹைட்ரஜனில் ஓடின. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரம் நெடுக ஆலைகள் இருந்தன. கடல்நீரை உப்பு நீக்கி, காற்றாலை மின்சாரத்தாலும் சூரிய மின்சாரத்தாலும் அதைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்வது தென்மண்டல ஹைட்ரஜன் வழங்கல் கழகம். அதன் திட்டம் முழுவதையும் வரைந்தவர் கோமதிநாயகம்.

பயிற்சியின் கடைசி நாளில் அவர்தான் அடியிருப்பைப் பற்றிச் சொன்னார். ஒல்லியான மனிதர். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசுவார்.

"ஆடிக் காத்துல நாம தேவைக்கு மேல உண்டாக்குறோம். ஐப்பசியில காத்தும் இருக்காது, மேகம் மூடிக்கிட்டா வெயிலும் இருக்காது. அந்த நாளுக்குச் சேத்து வைக்கப் பெரிய தொட்டிங்க வேணும். அதைக் கட்ட நமக்கு அனுமதி கிடைக்கல. அதனால ஓடுற ஒவ்வொரு வண்டியையும் ஒரு சின்னத் தொட்டியா ஆக்கிட்டோம். டேங்க்ல அஞ்சுல ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே மீட்டர் சைபர் காட்டும், வால்வு மூடிக்கும். நாம தொறந்தாத்தான் தொறக்கும். இப்படி எல்லா வண்டியிலயும் அடியில கிடக்கிறதுதான் இந்த மண்டலத்தோட சேமிப்பு. நெருக்கடி வந்தா டிப்போவுல வச்சு உறிஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாம்."

"ஜனங்ககிட்டச் சொல்லிட்டா என்ன சார்?" என்று கேட்டாள் ஜெனோவா.

"சொன்னா செலவழிச்சிருவாங்கம்மா. இருக்குன்னு தெரிஞ்சா அது அடியிருப்பு இல்ல, வெறும் கேஸ்தான்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது. திருவிழாவுக்கு என்று எடுத்துவைத்த காசு ஒருநாளும் திருவிழா வரை தங்காத வீட்டில் பிறந்தவள் அவள்.

ஆனால் அவள் தஸ்நேவிஸிடம் சொன்னாள்.

அவள் கணவன் தஸ்நேவிஸுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. புன்னைத்துறையில் அவர்கள் வீட்டிலிருந்து பார்த்தால் வள்ளம் மணலில் ஏறி நிற்பது தெரியும். அவளுடைய அண்ணன் கஸ்பாரும், தெருக்கோடி வீட்டுப் பெர்க்மான்ஸும் அவனோடு தொழிலுக்குப் போனார்கள். முன்பெல்லாம் விடியுமுன் போய்ப் பதினோரு மணிக்கு வந்துவிடுவார்கள். ஆலைகள் வந்த பிறகு, உப்பு நீக்கியதுபோக மிஞ்சும் கடும் உப்புநீரைக் குழாய் வழியே கடலில் விட்டார்கள். கரையோரப் பார்களில், அந்தக் கடலடிப் பாறைத் திட்டுகளில், மீன் நிற்கவில்லை. வள்ளங்கள் வருடத்துக்கு வருடம் தூரம் போக வேண்டியதாயிற்று. போன வழி திரும்பி வரக் கேஸ் இருக்குமா என்ற பயம் தஸ்நேவிஸை அரித்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், சாப்பிட மாட்டான்.

"நேத்து கரை தெரியுததுக்குள்ள மீட்டர் சைபருக்கு வந்துட்டு. வெயில்ல நின்னவனுக்குக் குளிரு அடிச்சுது ஏட்டி" என்றான் ஒருநாள்.

அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"சைபர்னா சைபர் இல்ல" என்றாள். கோமதிநாயகம் சொன்னதை அப்படியே சொன்னாள். அவன் கை தட்டில் நின்றது.

"அஞ்சுல ஒரு பங்கா? நெசமாவா?"

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. எனக்கு வேல போயிரும்."

"நின்னுட்டா ஒன்னயக் கூப்பிட்டாப் போதும், அப்படித்தான?"

"கூப்பிடுங்க. தொறந்து விடுதேன்."

அன்று அவன் தட்டு காலியாயிற்று. அதைப் பார்த்து அவளுக்கும் மனசு லேசாயிற்று. கரையிலுள்ள கோபுரங்களின் அலை கடலுக்குள் குறிப்பிட்ட தூரம் வரைதான் எட்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. புன்னைத்துறை வள்ளங்கள் அந்த எல்லையைத் தாண்டிப் போகும் என்று அவள் நினைக்கவில்லை. திட்டத்தை வரைந்தவர்களும் நினைக்கவில்லை.

அந்த வருட ஐப்பசியில் காற்று நின்றது. முப்பந்தலிலிருந்து கயத்தாறு வரை காற்றாலைகள் இறக்கை அசையாமல் நின்றன. வானம் மூட்டம் போட்டிருந்தது, ஆனால் மழையும் இல்லை. பங்குகளில் வரிசை நீண்டது. இரும்பு உலையை அணைத்தால் உள்சுவர் வெடித்துவிடும், மறுபடி ஏற்ற மாதக்கணக்காகும் என்றார்கள். எனவே உலைக்கு வெட்டு இல்லை. பஸ்களுக்குக் கொஞ்சம் வெட்டு. வள்ளங்களுக்குப் பாதிதான்.

பாதிக் கேஸோடு தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று ஊரில் பேச்சு நடந்தது. பலர் போகவில்லை. தஸ்நேவிஸ் போனான்.

மறுநாள் காலை ஜெனோவா வேலையில் இருக்கும்போது கடலோரக் காவல் நிலையத்திலிருந்து தகவல் வந்தது. புன்னைத்துறை வள்ளம் ஒன்று செயற்கைக்கோள் வழியாகக் கூப்பிடும் ஆபத்துக் கருவியை அழுத்தியிருக்கிறது. வள்ளத்தின் எண்ணைச் சொன்னார்கள். நின்ற இடத்தைச் சொன்னார்கள். அவள் அந்த இடத்தைத் திரையில் குறித்துப் பார்த்தாள். கோபுர எல்லைக்கு வெகுதூரம் வெளியே இருந்தது.

அவள் கட்டளையைத் தட்டினாள். 'பெறுநர் எல்லைக்கு வெளியே' என்று திரை சொன்னது. மறுபடியும் தட்டினாள்.

"அந்தக் கருவி வழியா அனுப்ப முடியாதா?" என்று பக்கத்து நாற்காலிக்காரனைக் கேட்டாள்.

"அது கூப்பிட மட்டும் செய்யும் மேடம். நாம சொல்றத அது வாங்காது."

ரோந்துக் கப்பல் கிளம்பிவிட்டது, சாயங்காலத்துக்குள் போய்விடும், கடல் குளம் மாதிரி கிடக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள் காவல் நிலையத்தில். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

மதியம் சாய்ந்த நேரத்தில் அறையில் திடீரென்று கலகலப்பு. தென்கிழக்கிலிருந்து காற்று எழுந்திருக்கிறது. சுவர்த்திரையில் காற்றாலைகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காதவர்கள் ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள். யாரோ எல்லோருக்கும் டீ சொன்னார்கள். தன் முன்னால் வைக்கப்பட்ட டீயை ஜெனோவா பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடுகிற வள்ளம் அலைக்கு முகம் கொடுத்துத் தப்பித்துவிடும். எஞ்சின் ஓடாத வள்ளத்தை அலை பக்கவாட்டில் திருப்பும். அதற்குமேல் அவள் நினைக்க மறுத்தாள்.

ரோந்துக் கப்பல் போய்ச் சேர்ந்தபோது குறித்த இடத்தில் வள்ளம் இல்லை. கவிழ்ந்து கிடந்த வள்ளத்தை மறுநாள் கண்டுபிடித்தார்கள். கஸ்பார் அதன் ஓரத்தில் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிடந்தான். உயிர் இருந்தது. பெர்க்மான்ஸின் உடல் கிடைத்தது. தஸ்நேவிஸின் உடல் கிடைக்கவேயில்லை.

வள்ளத்தை நிமிர்த்தி, விசைப்படகில் கட்டி இழுத்துக்கொண்டு துறைக்கு வந்தார்கள். ஊரே கரையில் நின்றது. பெர்க்மான்ஸின் மனைவி லிசியை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வள்ளம் கரையை நெருங்கும்போது அதன் டேங்கிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இழுத்து வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூடிய வால்வு திறந்துகொண்டது. சைபரில் கிடந்த மீட்டரின் விளக்கு பச்சையாக எரிந்தது, முள் மேலே ஏறியது. ஜெனோவா விடாமல் அனுப்பிய கட்டளைகள் கோபுரத்தில் காத்துக் கிடந்திருக்கின்றன. உப்புநீரில் ஊறியிருந்த வள்ளத்தின் கருவிக்குக் கரையருகில்தான் அவை எட்டின.

"கேஸ் இருக்கு" என்றான் விசைப்படகுக்காரன். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. "ஏ, இதுல கேஸ் இருக்குப்பா. கரைக்கு வந்து சேருத அளவுக்கு இருக்கு."

கூட்டம் டேங்கைப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு தலையாக ஜெனோவாவின் பக்கம் திரும்பியது. கழகத்தில் வேலை பார்க்கிற ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான்.

அவள் மறைக்கவில்லை. அங்கேயே, ஈர மணலில் நின்றுகொண்டு, அடியிருப்பு என்றால் என்ன என்று ஊருக்குச் சொன்னாள். லிசி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நம்ம ரெண்டு பேரையும் கொன்னுட்டானுவளே மைனி" என்றாள்.

ஒரு வாரத்தில் மண்டலம் முழுவதும் செய்தி பரவியது. சாலை மறியல், கல்வீச்சு, சட்டசபையில் கூச்சல். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை என்று அறிவித்தார்கள். கோமதிநாயகம் ஜெனோவாவின் வீட்டுக்குத் தனியாக வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"விசாரணையில நீ என்ன வேணும்னாலும் சொல்லும்மா. என்னைப் பத்திச் சொல்லு. பூட்டை எடுக்கச் சொல்லி மட்டும் கேக்காத. எடுத்தா அடுத்த ஐப்பசிக்கு ஒரு சொட்டு இருக்காது."

"மறைச்சு வச்சதாலதான சார் செத்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கியவள் மேலே சொல்லவில்லை. தஸ்நேவிஸுக்குத் தெரியும் என்பது அந்தக் கணத்தில்தான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரியில் கஸ்பாரைப் பார்க்கப் போனாள். உப்புநீரிலும் வெயிலிலும் அவன் முகத்தோல் உரிந்திருந்தது. வார்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, ஏன் அம்புட்டுத் தூரம் போனிய?"

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாதி வழியிலயே திரும்பிருவோம்னு நாஞ் சொன்னேன். பெர்க்மான்ஸும் சொன்னாம். அப்பத்தாம் தெக்க சீலா மீன் கூட்டம் கண்ணுல பட்டுச்சு. மாப்ள சிரிச்சாரு. மச்சான், மீட்டரப் பாத்துப் பயப்படாதியும், அடியில இன்னும் கெடக்கு, ஒம்ம தங்கச்சி சொல்லிருக்கா, கூப்பிட்டாத் தொறந்து விடுவா அப்படின்னாரு. நாங்க நம்பிட்டோம்." சற்று நேரம் மூச்சு வாங்கினான். "கேஸ் நின்ன பொறவு ஒன்னய ரொம்ப நேரம் கூப்பிட்டாரு. போன் எடுக்கல எடுக்கலன்னாரு. ஒம் மேல கோவமெல்லாம் இல்ல. இந்தா எடுத்துருவா, இந்தா எடுத்துருவான்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அந்தத் தூரத்திலிருந்து ஓர் அழைப்புகூட ஜெனோவாவின் போனுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

"இத நான் எங்கயும் சொல்ல மாட்டேம்மா" என்றான் கஸ்பார். "எங்கூட மண்ணுக்குள்ள போவட்டும். லிசிக்குத் தெரிய வேண்டாம். கம்பேனிக்காரன் மறைச்சான், அதனால செத்தாங்கன்னு இருக்கட்டும். அதுவும் பொய்யில்லயே."

அதுவும் பொய்யில்லைதான். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தாள். கோமதிநாயகம் சொன்னதும் பொய்யில்லை. தஸ்நேவிஸிடம் அவள் சொன்னதிலும் ஒரு எழுத்து பொய்யில்லை. கேஸ் இருக்கிறது என்று சொன்னவள், அது எதுவரை திறக்கும் என்று சொல்லாமல் விட்டாள். விட்டது அவ்வளவுதான். அந்த இடைவெளியில் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

விசாரணையை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். ஊரிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். லிசி முன்வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஜெனோவாவுக்கென்று ஓர் இடம் போட்டு வைத்திருந்தாள்.

ஜெனோவா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கணவனிடம் தான் சொன்னதை, அதை நம்பி அவன் போனதை, கஸ்பார் சொன்னதை. கழகத்தின் வக்கீல் முகம் மலர்ந்தது. அவர் எழுந்தார்.

"அதாவது ரகசியத்தை நீங்க மீறினதாலதான் இந்த உயிரிழப்பு. கழகம் எதுக்காக ரகசியம் காத்ததோ, அது சரின்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"இல்ல சார்" என்றாள் ஜெனோவா. "அரைகுறையாத் தெரிஞ்சதாலதான் போனாரு. முழுசாத் தெரிஞ்சிருந்தா திரும்பிருப்பாரு. எங்க ஊர் வள்ளம் எம்புட்டுத் தூரம் போவுதுன்னு ஒங்களுக்குத் தெரியாது. ஒங்க பூட்டு எதுவரைக்கும் தொறக்கும்னு அவங்களுக்குத் தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான் பாதிதான் சொன்னேன்."

நீதிபதி கோமதிநாயகத்தைப் பார்த்தார். அவர் மேஜையைப் பார்த்தபடி எழுந்து, திட்டத்தில் வள்ளங்களுக்குப் போட்ட தூரம் ஆலைகள் வருவதற்கு முந்தைய தூரம் என்றும், அதைத் திருத்தியிருக்க வேண்டியது தன் வேலை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஜெனோவா இருக்கைக்குத் திரும்பியபோது லிசி இல்லை. வெளியே போயிருந்தாள். அன்றிலிருந்து அவள் ஜெனோவாவோடு பேசவில்லை. குழாயடியில் பார்த்தாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஜெனோவாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் ஊருக்குள்ளேயே ஐஸ் கம்பெனியில் சேர்ந்தாள். விசாரணையின் தீர்ப்புப்படி எல்லா டேங்குகளிலும் பூட்டை எடுத்துவிட்டு, ஒரு சாவி வைத்தார்கள். மீட்டர் இருப்பதைக் காட்டியது. அடியிருப்பு வண்டிக்காரன் கையில். ஆபத்துக்கு மட்டும் திறக்கவும் என்று டேங்கின் மேல் சிவப்பில் எழுதினார்கள். ஆனி பிறப்பதற்குள் பெரும்பாலான பஸ்களும் லாரிகளும் அடிவரை ஓட்டத் தொடங்கிவிட்டன. கோமதிநாயகம் சொன்னபடியே ஆயிற்று.

அடுத்த ஐப்பசியில் காற்று மறுபடியும் நின்றது. பஸ்கள் டிப்போக்களில் வரிசையாக நின்றன. உறிஞ்சிப் பார்த்தார்கள், எதுவும் வரவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியின் மின்சாரம் ஹைட்ரஜனில் ஓடியது. குறைமாதக் குழந்தைகளின் கண்ணாடிப் பெட்டிகளும் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின்களும் அதை நம்பி இருந்தன. ஒருநாள் மத்தியானம் ஐஸ் கம்பெனிக்குக் கோமதிநாயகம் வந்து நின்றார்.

"வள்ளங்கள்ல மட்டும்தான் இருக்கும்மா. உங்க ஊர்லயும் பக்கத்து ஊர்கள்லயும் ஒருத்தரும் சாவியைத் தொடல. நாங்க கேட்டா அடிதான் விழும். நீ கேட்டுப் பாக்கிறியா?"

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கண்ணாடிப் பெட்டிகள் நினைவில் நின்றன. போனாள். வீடு வீடாகக் கேட்டாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். "லிசி குடுத்தா நாங்களும் குடுக்கோம்" என்று பலர் சொன்னார்கள். பெர்க்மான்ஸின் சாவுக்கு வந்த பணத்தில் லிசி ஒரு வள்ளம் வாங்கி ஆள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

லிசி வள்ளத்தின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெனோவா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். லிசியின் கை வலையிலேயே இருந்தது.

"எத்தன நேரத்துக்குக் காணும்?" என்றாள் கடைசியில். ஒரு வருடத்தில் ஜெனோவாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"எல்லா வள்ளத்துலயும் எடுத்தா ரெண்டு நாள். அதுக்குள்ள காத்து வரணும். வராமலும் போவலாம்."

"எடுத்துட்டா நாங்க எப்பத் தொழிலுக்குப் போவோம்?"

"தெரியாது லிசி. பங்குல எப்பக் கேஸ் வரும்னு யாருக்கும் தெரியாது. மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் உலை. வள்ளம் அப்பமும் கடைசியிலதான்."

லிசி வலையை மடியிலிருந்து இறக்கினாள். முதல்முறையாக ஜெனோவாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் சொல்லாம விட்டது ஏதும் இருக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஜெனோவா கழகத்தில் வேலை பார்த்த காலத்தில் கேட்ட ஒரு விஷயம் இருந்தது. ஊரில் யாரும் கேட்காததால் அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

"இருக்கு" என்றாள். "இந்தக் கரையில இன்னும் மூணு ஆலை வருது. முடிவாயிட்டு. உப்புத்தண்ணி இன்னும் கூடும். கரை மீன் திரும்பி வரும்னு நீங்கல்லாம் காத்துக்கிட்டு இருக்கிய. அது வராது. இனி தூரந்தாம்."

லிசி கடலைப் பார்த்தபடி இருந்தாள். அலை சோம்பலாக வந்து போய்க்கொண்டிருந்தது, காற்று துளிகூட இல்லை. அவளுடைய மகன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். கடலுக்குப் போக வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டிருப்பதாக ஊரில் பேச்சு.

அவள் எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். வள்ளத்துக்குள் ஏறி, டேங்கின் மேலிருந்த சிவப்பு எழுத்தைக் கையால் துடைத்துவிட்டு, சாவியைத் திருகினாள்.

"குழாயக் கொண்டாரச் சொல்லு மைனி" என்றாள்.